விரிசல் விட்ட கூரையின் கீழ்

முதலில் விழுந்தது ஒரு கைப்பிடி காரைதான். ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை நடந்துகொண்டிருந்தது. சாமியார் பீடத்தைப் பார்த்தபடி லத்தீனில் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தோம். பெண்கள் பக்கத்தில், பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே தொப்பென்று ஏதோ விழுந்து வெள்ளையாகத் தூசி எழும்பியது. ஒரு குழந்தை வீறிட்டது. யாருக்கும் அடியில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா முக்காட்டில் விழுந்த துகளைத் தட்டிவிட்டு, அந்தக் குழந்தையைத் தன் மடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவளைப் பார்த்து நானும் அண்ணாந்தேன். அந்தக் கூரையை அதுவரை நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில். ஆனால் உள்ளே போனால் கண் பீடத்தின் மேல்தான் இருக்கும். மாதா பீடத்துக்கு நேர் மேலே சுவரிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, உத்தரங்களைத் தாண்டித் தாண்டி நடுக்கூரை வரை போயிருந்தது. அதன் ஓரங்கள் கறுத்துக் கிடந்தன. புதிதாக வந்த விரிசல் இல்லை. எத்தனை வருஷமாகவோ எங்கள் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

எங்கள் கோயில் மயிலாப்பூரில் கடலை ஒட்டி இருந்தது. போர்த்துகீசியப் பறங்கிக்காரர்கள் காலத்தில் கட்டியது என்பார்கள். கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில், ஒரு சின்ன வாடகை வீட்டில் அம்மாவும் நானும் குடியிருந்தோம். அப்பா நான் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். நான் பக்கத்துப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். எனக்கு ஒரே அண்ணன். அவன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தான்.

காரை விழுந்த மறுநாள் சாமியார் ஒரு மேஸ்திரியை வரவழைத்தார். ராயப்பேட்டைப் பக்கத்து முஸ்லிம், நரைத்த தாடி, பேசும்போது எதிராளியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசுவார். ஏணி போட்டு ஏறி, உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தைக் கடப்பாரையால் குத்தினார். நாங்கள் சிலர் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடப்பாரை நுனி அவல் மூட்டைக்குள் போவதுபோல் மரத்துக்குள் போனது. மேஸ்திரி அதை மெதுவாக வெளியே இழுத்து, முனையில் ஒட்டியிருந்த ஈரமான தூளை விரலால் தேய்த்துப் பார்த்தார். இறங்கி வந்து சாமியாரிடம், "செல்லு அரிச்சிருக்கு சாமி. ஒண்ணு ரெண்டு இல்ல, இந்தப் பக்கம் முழுக்க அப்படித்தான் கீது. சுவர் ஓரத்துல மரமே இல்ல. சுண்ணாம்புதான் பிடிச்சுக்கினு கீது" என்றார்.

"இடிஞ்சி விழுமா?"

"எப்பன்னு நான் சொல்ல முடியாது சாமி. அது நம்ம கையில இல்ல."

பழைய உத்தரங்களை எடுத்துவிட்டுப் புதிதாகத் தேக்கு போடுவதென்று முடிவாயிற்று. நல்ல தேக்கு என்றால் பர்மா தேக்குதான். சாமியார் பூசை முடிந்து வாசலில் அம்மாவை நிறுத்தி, "உங்க மகன் ரங்கூன்ல மரக் கம்பெனியிலதானே இருக்கான்? நல்ல மரமாப் பார்த்து அனுப்பச் சொல்லுங்க" என்றார். அம்மாவுக்கு அன்று கால் தரையில் படவில்லை. கோயிலுக்கே தன் மகன் மரம் அனுப்பப் போகிறான் என்று சந்தில் எல்லோரிடமும் சொன்னாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் கப்பலில் ஏற்றிவிடுவதாக அண்ணனும் எழுதியிருந்தான்.

அதற்குள் கோயிலுக்குள் சவுக்கு மரங்கள் வந்து இறங்கின. மாதா பீடத்துப் பக்கம் முழுக்க உத்தரங்களுக்கு அடியில் முட்டுக் கொடுத்தார்கள். தூண்களைவிட அந்த முட்டுகள்தான் அதிகமாகத் தெரிந்தன. ஒவ்வொரு முட்டின் அடியிலும் ஒரு பலகை. பலகைக்குக் கீழே கல்லறைக் கற்கள். பறங்கிக்காரர்களைக் கோயில் தரைக்கு அடியிலேயே புதைத்திருந்தார்கள். குழந்தைகள் முட்டுகளுக்கு இடையில் ஓடிப் பிடித்து விளையாடின. பெரியவர்களும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் குடில்கூட முட்டுகளுக்கு நடுவிலேயே கட்டினோம்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்ட செய்தி கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது. அதன் பிறகு அண்ணனிடமிருந்து எதுவும் வரவில்லை. தேக்கும் வரவில்லை. ஜனவரி, பிப்ரவரி என்று போய், ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்துவிட்டான் என்று பத்திரிகையில் போட்டிருந்த அன்று அம்மா சமைக்கவில்லை.

பர்மாவிலிருந்து தப்பியவர்கள் பட்டணத்துக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் கப்பலில் வந்தார்கள். பிறகு காட்டு வழியாக நடந்து, கல்கத்தா வந்து, அங்கிருந்து ரயிலில் வந்தார்கள். அம்மாவும் நானும் துறைமுகத்துக்குப் போனோம், சென்ட்ரலுக்குப் போனோம். இறங்குகிறவர்களிடம் அம்மா அண்ணன் பேரையும் கம்பெனிப் பேரையும் சொல்லிக் கேட்பாள். அவர்கள் இல்லை என்று தலையாட்டுவார்கள். சிலர் பதில் சொல்லாமலே நடந்து போவார்கள். ஒரு பெண் மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நடந்து வந்தவங்கள்ல பாதிப் பேர் வழியிலேயே போயிட்டாங்கம்மா. நீங்க வேண்டிக்குங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே அம்மா மாதா பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டாள். மகன் வீடு வந்து சேரும்வரை தினமும் சாயங்காலம் அந்த இடத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றுவது. ஒரு நாள்கூட விடுவதில்லை. அவள் வாய்விட்டுத்தான் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று, அவளுக்கு நேர் மேலே இருந்த விரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நாளில் பட்டணமே காலியாக ஆரம்பித்தது. ஜப்பான் கப்பல்கள் வருகின்றன, வேலை இல்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவது நல்லது என்று சர்க்காரே சொல்லிவிட்டது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. மாட்டு வண்டிகளில் அண்டா குண்டாக்களை ஏற்றிக்கொண்டு ஜனங்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். எங்கள் பள்ளியை மூடினார்கள். சித்தாள்கள், கொத்தனார்கள் எல்லோரும் அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். மேஸ்திரி மட்டும் பெண்டாட்டி பிள்ளைகளை ஆற்காட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் தங்கிவிட்டார். மரமும் இல்லை, ஆளும் இல்லை. தினமும் வந்து முட்டுகளைச் சுற்றிப் பார்த்து, தளர்ந்த இடத்தில் ஆப்பு அடித்துவிட்டுப் போவார். அவர் ஆப்பு அடிக்கும் சத்தம் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்கும். 

ஒரு நாள் நடுப்பகலில் கோயிலுக்குள்ளிருந்து துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம். குண்டுதான் விழுந்துவிட்டது என்று சந்தே வெளியில் ஓடி வந்தது. உத்தரம் ஒன்று நீளவாக்கில் பிளந்திருந்தது. சாமியார் அன்றே கோயிலை மூடிவிட்டார். முற்றத்து மணலில் கீற்றுக் கொட்டகை போட்டு, அங்கே பூசை வைத்தார். மாதா பீடத்துப் பக்கவாசலைப் பலகை அடித்து அடைத்தார்கள்.

அம்மா சாமியாரிடம் போனாள். "சாமி, மாதா சுரூபத்தையாவது வெளியில கொண்டாந்துடலாமே" என்று கேட்டாள்.

சாமியார் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சுவரைப் பார்த்துக்கொண்டே, "அத்த அசைக்கக் கூடாதும்மா. மாடத்தோட சேர்த்துக் கட்டினது. மாடத்தத் தட்டினா சுவரு ஆடும். சுவரு ஆடிச்சின்னா மேல இன்னா நடக்கும்னு சொல்ல வேணாம்" என்றார்.

"நீங்க கொட்டாயிலேயே திரி வைங்கம்மா. மாதாவுக்குத் தெரியாதா?" என்றார் சாமியார்.

அம்மா தலையாட்டிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலம் முக்காடு போட்டுக்கொண்டு கிளம்பியவள் கொட்டகைப் பக்கம் போகவில்லை. பக்கவாசலில் ஒரு பலகை ஆணி பிடிக்காமல் இருந்தது. அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள். பின்னால் போன நான், "அம்மா, வேணாம்மா" என்று புடவையைப் பிடித்தேன்.

"நீ வீட்டுக்குப் போ. நான் ஏத்திட்டு வந்துடறேன்."

"மேல விழுந்துட்டா?"

"நேர்ந்துக்கிட்டேன். இடத்த மாத்தினா அது நேர்ச்சையா? அவன் எங்க எதுக்கு அடியில கிடக்கிறானோ. எனக்கு மட்டும் என்ன பத்திரம் வேண்டியிருக்கு?"

நானும் உள்ளே போனேன். எனக்குத் தைரியம் வந்ததால் இல்லை. கூரை விழுந்து அம்மாவும் போய், அண்ணனும் வராமல், அந்தச் சந்து வீட்டில் நான் தனியாக உட்கார்ந்திருப்பதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அதைவிட எங்கள் இரண்டு பேர் மேலும் சேர்ந்தே கூரை விழட்டும் என்று தோன்றியது.

அதிலிருந்து தினமும் போனோம். அடைத்த கோயிலுக்குள் வௌவால் எச்சமும் பழைய சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை வரும். கடலின் இரைச்சல் வெளியே கேட்பதைவிட உள்ளே அதிகமாகக் கேட்கும். அம்மா திரியை ஏற்றி வைத்துவிட்டு நிதானமாகச் செபமாலை சொல்வாள். அவளுக்கு அவசரமே கிடையாது. நான் பதில் சொல்லிக்கொண்டே காதைக் கூரையில் வைத்திருப்பேன். மரம் பேசும் என்பது அந்த நாள்களில்தான் எனக்குத் தெரிந்தது. வெயில் தாழ்ந்ததும் உத்தரங்கள் சின்னதாக முனகும். எங்கேயோ மணல் உதிர்வது போல் சரசரக்கும். என் தலையில் தூசி விழும். அது ஒரு சிட்டிகைதான். ஆனால் உச்சந்தலையில் பட்டதும் செபத்தில் எந்த வரியில் இருந்தேன் என்பது மறந்துவிடும். வீட்டுக்கு வந்து தலை வாரும்போது சீப்பில் சுண்ணாம்பு இருக்கும். ராத்திரி படுத்தால் எங்கள் வீட்டு ஓட்டுக்கூரையைக்கூட நம்ப முடியவில்லை. சுவரோரமாக ஒண்டிக்கொண்டு படுத்தேன். அபாயச் சங்கு ஊதும் நாள்களில், விளக்கை அணைத்துவிட்டு மேசைக்கு அடியில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அம்மா உட்கார மாட்டாள். நான்தான் உட்கார்ந்திருப்பேன்.

மீன்கார அக்காவுக்கு நாங்கள் உள்ளே போவது தெரிந்துவிட்டது. அவள் புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். சண்டைக்காலத்திலும் அந்தக் குப்பத்து ஜனங்கள் எங்கும் போகவில்லை. ஒரு நாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவை நேராகவே கேட்டாள்.

"இன்னாக்கா இது? உயிரு மேல ஆசை இல்லியா உனுக்கு? இந்தப் பொண்ணையும் இஸ்துக்கினு போறியே."

"நான் கூப்பிடலையே. அவளா வர்றா."

"உன்னைத் தனியா வுட்டுட்டு அது எப்டி வூட்ல குந்தும்? கடலுக்குப் போறவங்க வூட்லதான் நானும் கீறேன். பயந்தா எனுக்கும் சோறு எறங்காது. அதுக்காவ நான் போய் அலையில வுழுறனா?"

அம்மா கூடையைக் கிளறிப் பார்த்தாள். சங்கரா மீன் வேண்டாம், நெத்திலி போதும் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை நாள் கணக்கில் நிற்காமல் பெய்தது. கூரை மேல் தண்ணீர் நின்றது. மேஸ்திரி மேலே ஏறித் தண்ணீரை வழித்துவிடப் பார்த்தார்; கால் வைத்த இடம் அமுங்குகிறது என்று இறங்கிவிட்டார். கோயில் பக்கமே யாரும் வரக் கூடாது என்று சாமியார் கொட்டகையில் கண்டிப்பாகச் சொன்னார். சொல்லும்போது அம்மா இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

அதற்குள் பள்ளியைத் திரும்பத் திறந்திருந்தார்கள். ஒரு நாள் மழையில் பிள்ளைகளை ஒவ்வொருவராக வீட்டில் சேர்த்துவிட்டு வர எனக்கு நேரமாகிவிட்டது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். சந்து முனையில் மீன்கார அக்கா தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும், "உங்கம்மா உள்ள பூந்துட்டாங்க டீச்சரம்மா. எவ்ளோ சொன்னாலும் கேக்கல. நான் மேஸ்திரிய இட்டாரச் சொல்லி ஆள் அனுப்பிக்கீறேன்" என்றாள்.

ஓடினேன். பலகையைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே சாயங்கால வெளிச்சம் சாம்பலாக இருந்தது. சுவர் வழியாகத் தண்ணீர் இறங்கித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா மாதாவுக்கு முன்னால் தண்ணீரிலேயே முழங்கால் போட்டிருந்தாள். திரி பற்றவில்லை. தீப்பெட்டி நமுத்துப் போயிருந்தது. குச்சியை எடுத்து உரசுவாள், அது எரியாது, அடுத்த குச்சியை எடுப்பாள்.

"அம்மா, வாம்மா. நாளைக்கு ஏத்தலாம்."

"இதோ."

அப்போதுதான் முட்டுக் கம்பத்தைப் பார்த்தேன். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த சவுக்கு மரம். அதன் அடியில் இருந்த கல்லறைக் கல் ஒரு பக்கமாகத் தாழ்ந்திருந்தது. தண்ணீர் அதற்குள் சுழித்துச் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. முட்டு அசையவில்லை. ஆனால் அதன் தலைக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தது. அது எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை.

 வாசலில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். வாய் மட்டும் "அம்மா, அம்மா" என்று சொல்கிறது. எப்படி உள்ளே போனேன் என்று இன்றைக்கும் தெரியாது. அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். திரும்பவும் இழுத்தேன். "விடுடி, இன்னும் குச்சி இருக்குடி" என்று என்னைத் தள்ளினாள். என்னைவிட அவளுக்கு பலம் அதிகம். மேலே மரம் ஒரு முறை நீளமாக இழுத்து முனகியது. அந்த மாதிரிச் சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என் பின்னால் தண்ணீர் சளசளவென்று சத்தம் போட்டது. மீன்கார அக்கா.  குனிந்து, அம்மாவை இடுப்போடு வாரி, மீன் கூடையைத் தூக்குவதுபோல ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டாள். அம்மா கையாலும் காலாலும் அவளை அடித்தாள். அக்கா வாசலைப் பார்த்து நடந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பலகைக்கு வெளியே மேஸ்திரி நின்றிருந்தார். அவர் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு எங்களை வெளியே இழுத்தார். முற்றத்து மணலில் மூன்று பேரும் விழுந்தோம்.

பிறகுதான் விழுந்தது. இடி போலச் சத்தம் வரும் என்று மாதக் கணக்கில் பயந்துகொண்டிருந்தேன். அப்படி வரவில்லை. வண்டியிலிருந்து மணலைக் கொட்டுவதுபோல ஒரு கனத்த சத்தம். அதன் கூடவே தரை ஒரு தடவை அதிர்ந்தது. வாசல் வழியாக வெள்ளையாக ஒரு காற்று வந்து எங்கள் மேல் அடித்தது. அப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். கோயிலுக்குள்ளேயும் மழை பெய்துகொண்டிருந்தது.

மேஸ்திரி மணலில் உட்கார்ந்துவிட்டார்.  "அல்லா, அல்லா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அக்கா அம்மாவின் முகத்தில் இருந்த சுண்ணாம்பைத் தன் புடவையால் துடைத்தாள். அம்மா எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"திரி ஏத்தலடி" என்றாள். "இன்னிக்கு ஏத்தல. எம்புள்ள போயிட்டான்."

அதை அவள் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னாள் என்பதை எழுதிக் காட்ட முடியாது. கூரைக்கு அடியில் நின்றபோது இருந்த பயம் எனக்கு அந்த ஒரு பேச்சில் திரும்பி வந்தது; இந்தத் தடவை அது போகவில்லை. அம்மா படுத்துவிட்டாள். கஞ்சி கொடுத்தால் இரண்டு வாய் குடிப்பாள். துக்கத்துக்குக் கட்டும் கறுப்புப் புடவையை எடுத்து வைக்கச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. எனக்கும் அவள் சொன்னது உண்மையாக இருக்குமோ என்று இருந்தது. படித்தவள், டீச்சர், கூரை விழுந்ததற்கும் அண்ணனுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? வாசலில் யாராவது செருமினால்கூடத் தந்திதான் வந்துவிட்டது என்று பதறினேன்.

சாமியார் வீட்டுக்கு வந்தார். வயதானவர், செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். முட்டி வலியோடு நடப்பவர். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க தினம் உள்ள போனது எனக்குத் தெரியும்மா" என்றார். "பலகைக்கு ஆணி அடிக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லல. நீங்களாவது உள்ள போறீங்களேன்னு இருந்துச்சு. கோயில மூடறதுக்கு முந்தி, எழுந்தேற்றத்துல நற்கருணை அப்பத்தத் தூக்கிப் பிடிக்கிறப்ப என் கண்ணு நற்கருணை மேல இருக்காது. மேல இருக்கிற விரிசல்லதான் இருக்கும்.  கோயில மூடினப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

அம்மா தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"மாதாவா கூரைய விழ வச்சாங்க? மரம் அழுகிச்சு, விழுந்துச்சு. உங்க மகன் விஷயம் வேற விஷயம். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா இதையும் அதையும் முடிச்சுப் போடாதீங்க. எழுந்து சாப்பிடுங்க."

அம்மா உடனே எழுந்துவிடவில்லை. ஆனால் கறுப்புப் புடவைப் பேச்சை எடுக்கவில்லை. சில நாள் கழித்து, மேஸ்திரியும் குப்பத்து ஆட்களும் இடிபாட்டை அள்ளும்போது சுரூபம் கிடைத்தது. மூக்கும் ஒரு கையும் உடைந்திருந்தன. அதைக் கொட்டகையில், கள்ளிப்பெட்டி ஒன்றின் மேல் நிறுத்தினார்கள். அம்மா அங்கே போய் உட்கார ஆரம்பித்தாள். திரி ஏற்றவில்லை, நேர்ச்சை முறிந்துவிட்டது, முறிந்ததை ஒட்ட வைக்க முடியாது என்றாள். சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள். அக்கா கூடையோடு வந்து அவள் பக்கத்தில் உட்காருவாள். 

கொட்டகையில் வருஷக் கணக்கில் பூசை நடந்தது. காற்றடித்தால் கீற்று பறக்கும். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு முழங்கால் போடுவோம். ஒரு தடவை பூசை நடுவில் அபாயச் சங்கு ஊதி, சாமியார் பீடத்தை விட்டு நகராமல் நிற்க, நாங்கள் எல்லோரும் மணலில் குப்புறப் படுத்துக் கிடந்தோம். மணலில் முகத்தை வைத்துக்கொண்டு, மேலே கீற்றுதான் இருக்கிறது, விழுந்தால் விழட்டும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அண்ணன் சண்டை முடிந்த பிறகு வந்தான். காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சந்தில் ஒரு ஆள் ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தான். பிச்சைக்காரன் என்று நினைத்து உள்ளே போய்ச் சில்லறை எடுத்தேன். திரும்பி வரும்போது அம்மா வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் மடியில் முகம் புதைத்திருந்தான். தலைமுடி பாதி கொட்டிப் போயிருந்தது. அம்மா அழவில்லை. அவன் முதுகெலும்பை விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவன் அதிகம் பேச மாட்டான். வந்து வெகு நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தானாகச் சொன்னான். ரங்கூனில் முதல் குண்டு விழுந்த அன்று அவன் கம்பெனிக் கிடங்குக்குள் இருந்திருக்கிறான். கூரை மொத்தமாக அவர்கள் மேல் இறங்கியது. பக்கத்து மேசைக்காரன் கை இவன் கை மேல் கிடந்தது. கொஞ்ச நேரம் அது இவனைப் பிடித்துக்கொண்டிருந்தது, அப்புறம் பிடிக்கவில்லை. மறுநாள்தான் இவனை வெளியே எடுத்தார்கள். கால் தேறுவதற்குள் கப்பல்கள் நின்றுவிட்டன. காட்டில் நடக்க முடியவில்லை. சண்டை முடியும்வரை ஒரு கிராமத்தில் கிடந்திருக்கிறான்.

அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எந்த நாளு?" என்று கேட்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு ரெண்டு நாள் முந்தி."

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் நேர்ந்துகொள்வதற்கும் முந்தி அது. கோயில் கூரை விழுவதற்கு எவ்வளவோ மாதம் முந்தி. அன்று நாங்கள் முட்டுகளுக்கு நடுவே குடில் கட்டிக்கொண்டிருந்தோம். அம்மா வைக்கோல் பரப்பிக்கொண்டே பாட்டுப் பாடினாள். அன்று எங்களுக்குப் பயமே இல்லை.

அம்மா குழம்புச் சட்டியை இழுத்துக்கொண்டாள். அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

கோயிலுக்குத் தேக்கு வரவேயில்லை. கடைசியில் இரும்பு உத்தரம் போட்டார்கள். அதே மேஸ்திரிதான் கூரையை முடித்தார். திறப்பு நாளன்று ஜனம் முற்றத்தில் நிரம்பி வழிந்தது. கதவைத் திறந்ததும் எல்லோரும் சுண்ணாம்பு வாசம் மாறாத கோயிலுக்குள் போனோம். அண்ணன் வாசற்படி வரை வந்தான். அங்கே நின்று ஒரு தடவை மேலே பார்த்தான். அவன் கழுத்தில் வேர்வை துளிர்த்தது.

"நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்" என்றான்.

"இது இரும்புண்ணா" என்றேன். "செல்லு அரிக்காது. நானே பார்த்தேன்."

"தெரியும். நீ போ."

கூரைக்கு அடியில் மாதக் கணக்கில் நின்று வந்தவள் நான். அந்த முகம் எனக்குத் தெரியும். அதனால் அவனை வற்புறுத்தவில்லை. உள்ளே போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பூசை ஆரம்பித்ததும் அம்மா என் பக்கத்திலிருந்து எழுந்தாள். முட்டிக்கொண்டு நின்ற ஜனத்தை விலக்கிக்கொண்டு வெளியே போய், முற்றத்துப் பூவரச மரத்தடியில் அவன் பக்கத்தில் நின்றாள். எத்தனையோ நாள் ஆசைப்பட்டுக் காத்திருந்த திறப்புப் பூசை. அதை அவள் வெயிலில் நின்றுதான் கேட்டாள். அதற்கப்புறம் அவள் உயிரோடு இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் அந்த மரத்தடியில்தான்.

அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவன் கோயிலுக்குள் வர மாட்டான் என்பதைக் கேட்டுப் பெண் வீட்டார் கொஞ்சம் தயங்கினார்கள். சாமியாரிடம் அம்மா போய் நின்றாள். அவர் ஆளனுப்பி, பீடத்து மேசை ஒன்றை வாசல் முகப்புக்குத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். மாப்பிள்ளையும் பெண்ணும் ஆகாயத்துக்குக் கீழே, வாசற்படிக்கு வெளியே நின்றார்கள். மீன்கார அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்து, தூங்கிப் போன பேரனை மடியில் தட்டிக்கொண்டிருந்தாள். தாலி கட்டும்போது அண்ணன் கையில் முடிச்சு நழுவியது. பெண் அதைப் பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் தன் விரலால் முடிச்சைப் பிடித்துக்கொடுத்தாள்.